சுருக்கமும் மங்கும் விழுந்த முகத்துக்கு வீட்டுப் பராமரிப்பு: குமரி வெயிலுக்கு ஏற்ற முறை

நாற்பதைத் தாண்டிய முகத்தில் சுருக்கம், மங்கு, கரும்புள்ளி, பரு ஆறிய இடத்துக் கருமை எல்லாம் ஒன்றாகத் தெரியத் தொடங்கும்போது, பலரும் முதலில் கேட்பது எந்தக் கிரீம் பூசலாம் என்பதைத்தான். வயதும் பருவும் தொடங்கி வைப்பதை ஆழப்படுத்துவது வெயில் என்பதால், கேள்வியை அங்கிருந்து தொடங்குவதே சரி. குமரி மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டு பாகையில் இருப்பதால் ஆண்டின் எந்த மாதத்திலும் நண்பகல் வெயிலில் புற ஊதாக் கதிர் வலுவாகவே இருக்கிறது. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் கடற்காற்றும் அந்தச் சூட்டை உணர விடுவதில்லை. ஆனி, ஆடிச் சாரலில் வானம் மூடியிருந்தாலும் மெல்லிய மேகத்தின் வழியே புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை இறங்கிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி எறிவதால், முட்டத்திலோ குளச்சலிலோ கரையில் நின்று வேலை செய்பவர்களுக்குக் குடை பிடித்தாலும் கீழிருந்து வெயில் படும்.

எதையும் வாங்குவதற்கு முன் காலை வெளிச்சத்தில் ஜன்னலருகே நின்று முகத்தைப் பார்த்து, இருப்பது இன்னதென்று பிரித்தறிய வேண்டும். இரு கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் ஏறக்குறைய ஒரே வடிவில் பழுப்பாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் மங்கு. பரு வந்த இடத்தில் மட்டும் புள்ளியாக நிற்பது அழற்சி விட்டுச்சென்ற கருமை. இது மங்கைவிட எளிதில் மங்கிவிடும். கழுத்து மடிப்பில் வெல்வெட் போலத் தடித்த கருமையை அழுக்கென்று எண்ணித் தேய்ப்பவர்கள் உண்டு. அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம் என்பதால், கிரீமுக்கு முன் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வளர்ந்துகொண்டே போகும் மச்சம், ஓரம் ஒழுங்கற்ற கரும்புள்ளி, ஆறாத புண், தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும் வெளிறிய படை ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் கூடவே கூடாது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறெங்கோ தோல் மருத்துவரிடம் நேரில் காட்டிவிட வேண்டும்.

முதல் மாதம் முழுவதும் சன்ஸ்கிரீன் ஒன்றை மட்டும் பழகினாலே போதும் என்பது என் கருத்து. வெயில் தடுப்பு அளவான எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், தோலை எட்டும் இரு வகைப் புற ஊதாக் கதிர்களில் யு.வி.ஏ. கதிரையும் தடுப்பது என்று எழுதியிருக்க வேண்டும். எஸ்.பி.எஃப். 30 தடுப்பது மற்ற வகையான யு.வி.பி. கதிரில் சுமார் 97 சதவீதம், 50 தடுப்பது சுமார் 98 சதவீதம். ஆகவே பெரிய எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, வாங்கியதைத் தாராளமாகப் பூசுவதே பயன் தரும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் வருவதே முகத்துக்கும் கழுத்துக்கும் உரிய அளவு. பொட்டு வைப்பது போலத் தொட்டுத் தடவுபவருக்கு உறையில் எழுதிய பாதுகாப்பில் சிறு பங்கே கிடைக்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஜெல் வகையே ஒட்டாமல் இருக்கும். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்கச் செய்யும், சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்த்துத் துடைத்த பிறகும் மீண்டும் பூச வேண்டும். தோவாளையில் பூப்பறிப்பவரும் வயலில் நிற்பவரும் இதை நாள்தோறும் செய்வது கடினம். அவர்களுக்கு அகன்ற விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையுமே முதல் மருந்து.

முகம் கழுவ மென்மையான கிளென்சர் ஒன்றும், பூச வாசனையற்ற மாய்ஸ்சரைசர் ஒன்றும் போதும். பீர்க்கங்கூட்டால் முகத்தைத் தேய்ப்பதை விட்டுவிட வேண்டும், ஏனெனில் உராய்வே நம் நிறத் தோலில் கருமையை உண்டாக்கும்.

அடுத்து ரெட்டினாய்டு. வைட்டமின் ஏ வழிவந்த இந்த மருந்துகள் தோலின் மேலடுக்கைப் புதுப்பித்து, தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் அடியில் உருவாகத் தூண்டி, நிறமியையும் மெல்லக் குறைப்பதால், சுருக்கத்துக்கும் புள்ளிக்கும் ஒருசேரப் பயன்படுகின்றன. கடையில் நேராகக் கிடைக்கும் ரெட்டினால் மென்மையானது. ட்ரெட்டினாயின், அடாபலீன் ஆகியவற்றை மருத்துவர் சீட்டுடன் வாங்குவதே முறை. எதுவானாலும் முதலில் முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு காசளவு இடத்தில் ஒரு வாரம் தொடர்ந்து பூசிப் பார்த்து, அரிப்போ தடிப்போ இல்லையென்றால் மட்டும் முகத்துக்கு எடுக்க வேண்டும். இரவில் முகம் கழுவி, ஈரம் முற்றிலும் உலர இருபது நிமிடம் விட்டு, கண்ணோரம், மூக்கின் பக்க மடிப்பு, வாய்க்கோடி ஆகிய இடங்களில் வாசலின் தடவிக்கொள்ள வேண்டும், தோல் முதலில் உரிவது அங்கேதான். பிறகு ஒரு பட்டாணி அளவு மருந்தை நெற்றி, கன்னங்கள், மூக்கு, தாடை என ஐந்து புள்ளிகளாக வைத்துப் பரப்பி, மேலே மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். முதல் சில வாரங்களுக்கு வாரம் இரண்டு இரவு, பிறகு ஒன்றுவிட்டு ஒரு இரவு, தோல் ஏற்றுக்கொண்டால் தினமும் என்று கூட்டலாம். மெல்லிய செதில் உதிர்வது இயல்பு. எரிச்சலும் சிவப்பும் தணியாமல் நீடித்தால் மருந்தை நிறுத்திவிட்டு, மாய்ஸ்சரைசர் மட்டும் பூசி, தோல் தேறிய பின் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். பொறுக்காமல் இரட்டை அளவு பூசினால், அந்த எரிச்சலே புதிய கருமையாக மாறும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் ரெட்டினாய்டைத் தொடக்கூடாது.

அவர்கள் மருத்துவரைக் கேட்டு அசெலாயிக் அமிலம் பயன்படுத்தலாம். பரு, மங்கு இரண்டுக்கும் அது உதவும், முதலில் சற்றுச் சுருக்கென்று குத்தும். சிவப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் அதிகமுள்ளவர்களுக்கு வைட்டமின் பி3 வகையான நியாசினமைடு, நான்கைந்து சதவீத அளவில், நல்ல துணை. ஒன்று தொடங்கி ஒரு மாதமாவது போன பின்னரே அடுத்ததைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் எது ஒவ்வவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. இணையத்தில் வாங்கும் தோலை உரிக்கும் வலிமையான அமிலப் பீலும், டெர்மாரோலர் எனும் ஊசி உருளையும் வீட்டில் செய்யத் தக்கவையல்ல.

அடுக்களைப் பொருள்களில் எலுமிச்சைச் சாற்றை முற்றிலும் விலக்க வேண்டும். அந்தப் புளிப்பு தோலைப் புண்ணாக்கும், அதன் மேல் வெயில் பட்டால் கொப்பளித்துக் கருக்கவும் கூடும். தேங்காய் எண்ணெய் வறண்ட கை கால்களுக்கு அருமையானது, பரு வரும் முகத்தில் துளைகளை அடைக்கும். கஸ்தூரி மஞ்சளும் பயத்தம் மாவும் ஒவ்வினால் பூசட்டும். ஆனால் கஸ்தூரி மஞ்சள் என்று விற்கும் பொடி வேறு மஞ்சளாக இருப்பதும் உண்டு, பழைய மங்கை அது கரைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பலன் தெரிகிறதா என்பதை அன்றாடக் கண்ணாடி சொல்லாது. மாதம் ஒருமுறை அதே ஜன்னலில், அதே நேரத்தில், ஒப்பனையின்றிப் படம் எடுத்து ஒப்பிட வேண்டும். புள்ளிகள் மங்க இரண்டு மூன்று மாதமும், மெல்லிய சுருக்கங்கள் தணிய மூன்று முதல் ஆறு மாதமும் ஆகும். மங்கு குறைந்தாலும் வெயிலுக்குத் திரும்ப வரும்.

இந்த அவகாசத்தைத் தாங்காதவர்களுக்காகவே ஒரு வாரத்தில் நிறம் தரும் டியூப்கள் விற்கப்படுகின்றன. கலவை எழுதிய பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. சீட்டின்றி விற்பதைத் தடுக்க 2018-இல் ஒன்றிய அரசு இத்தகைய பல கிரீம்களை, மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. கலவையே எழுதாத, வெளிநாட்டுப் பெயர் தாங்கிய சிவப்பழகுக் கிரீம்களில் பாதரசம் இருக்கக்கூடும்; 2023-இல் மலப்புறம் மாவட்டத்தில் இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்தது கேரளத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. ஸ்டீராய்டு கிரீமை மாதக்கணக்கில் பூசியவர்கள் அதைச் சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரிந்து பரு வெடிக்கும். பயந்து மறுபடி அதையே பூசுவார்கள். அவர்கள் மருத்துவரிடம் போகும்போது காலி டியூப்பானாலும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்; எந்த ஸ்டீராய்டு, எவ்வளவு வலிமை என்பதைப் பார்த்துத்தான் எப்படிக் குறைப்பது என்று அவர் முடிவு செய்வார்.