உங்கள் தொகுதியில் மாறியது ஆட்களா, மனசா? கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழி

தேர்தல் முடிவு வந்த மறுநாள் எங்கே போனாலும் ஒரே பேச்சுதான்: "அந்தத் தொகுதி முன்ன மாதிரி இல்லப்பா, மாறிடுச்சு." சரி, என்ன மாறியது? பத்து வருடம் முன்பு ஒரு கட்சிக்குப் போட்ட அதே ஆட்கள் இப்போது வேறு கட்சிக்குப் போடுகிறார்களா? இல்லை, அவர்கள் பழையபடியே போட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள் மொத்தக் கணக்கையும் மாற்றிவிட்டார்களா? இரண்டும் வேறு வேறு கதைகள். முதலாவது நடந்திருந்தால் விலைவாசி, ஆட்சி, வேட்பாளர் பற்றிப் பேச வேண்டும். இரண்டாவது என்றால் வேலை எங்கே இருக்கிறது, வாடகை எங்கே குறைவு, யாரை எங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள், எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன என்று பார்க்க வேண்டும். நம் தேர்தல் அலசல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் பிரிப்பதே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம், ஏனென்றால் பிரிக்கத் தேவையான தகவல்களில் முக்கால்வாசி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஒரு லேப்டாப், எக்செல், கொஞ்சம் பொறுமை, இவ்வளவு போதும்.

முதலில் ஒரே ஒரு சட்டமன்றத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலம் முழுவதையும் அள்ளிப்போட்டால் எதுவும் தெரியாது. நான் இங்கே சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கும் சோழிங்கநல்லூரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், காரணம் அங்கே எல்லா வகை மாற்றமும் ஒரே இடத்தில் நடந்திருக்கிறது. 2008இல் வந்த தொகுதி மறுவரையறையில் உருவான தொகுதி அது, முதல் தேர்தல் 2011இல். 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, தொகுதிகள் ஓரளவு சம அளவில் இருக்க வேண்டும் என்றுதான் எல்லையைப் போட்டார்கள். 2021 தேர்தலுக்கு வரும்போது அங்கே ஏறக்குறைய 7 லட்சம் வாக்காளர்கள், மாநிலத்திலேயே பெரிய தொகுதி. அதே சென்னையில் துறைமுகம் தொகுதியில் 2 லட்சம்கூட இல்லை. இருவருக்கும் ஆளுக்கு ஒரு எம்எல்ஏதான்.

எல்லையை முதலில் உறுதி செய்யுங்கள்

தொகுதியின் பெயர் அப்படியே இருந்தாலும் எல்லை மாறியிருக்கலாம். தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு 2011க்கு முன்பும், மக்களவைக்கு 2009க்கு முன்பும் உள்ள முடிவுகளை இன்றைய முடிவுகளோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள், ஒரே பெயரில் இரண்டு வேறு தொகுதிகளை ஒப்பிட்டதாகிவிடும். மாவட்டக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. 2011 கணக்கெடுப்பில் வரும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் இன்றைய செங்கல்பட்டு மாவட்டமும் இருக்கிறது, அது தனியாகப் பிரிந்தது 2019இல்தான்.

எல்லைக்கோடே எவ்வளவு பெரிய அரசியல் என்பதற்குக் கேரளத்தைப் பாருங்கள். அதே 2008 மறுவரையறையில் மலப்புறம் மாவட்டத்தின் சட்டமன்ற இடங்கள் 12இலிருந்து 16 ஆகின, பத்தனம்திட்டாவில் 8 இருந்தது 5 ஆகக் குறைந்தது. மலப்புறத்தில் மக்கள் தொகை வேகமாகப் பெருகியது, பத்தனம்திட்டாவில் பிறப்பும் குறைவு, வெளிநாடு போனவர்களும் அதிகம். ஒரு வாக்காளர்கூட மனசு மாறாமலேயே சட்டமன்றத்தின் எடை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது.

யார் வந்தார்கள், யார் போனார்கள்

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2001, 2011 இரண்டையும் கிராமம், வார்டு அளவில் இறக்கிக்கொள்ளுங்கள். மாவட்ட அளவிலேயே படம் கொஞ்சம் தெரியும்: அந்தப் பத்து வருடத்தில் பழைய காஞ்சிபுரம் மாவட்டம் சுமார் 29 லட்சத்திலிருந்து 40 லட்சத்துக்குப் போனது, சென்னை மாவட்டம் 7 சதவீதம்தான் வளர்ந்தது, நீலகிரியில் ஆட்கள் குறைந்தே போனார்கள். அதாவது சென்னை தன் பழைய எல்லையைத் தாண்டி வெளியே வழிந்திருக்கிறது.

2011க்குப் பிறகு என்ன செய்வது? 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது, அதனால் நடுவில் பெரிய வெற்றிடம். இதை நிரப்ப வாக்காளர் எண்ணிக்கையின் வளர்ச்சி, ரேஷன் கார்டு எண்ணிக்கை, மின் இணைப்பு, பள்ளிச் சேர்க்கை இவற்றில் கிடைப்பதை வைத்து ஒரு மதிப்பீட்டுக்கு வரலாம். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள், குறைந்தபட்சம் இரண்டு தகவல்களாவது ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

எண்ணிக்கையோடு நிறுத்திவிடாமல், வந்தவர்கள் யார் என்று பிரிப்பதுதான் இந்த வேலையின் உயிர். சோழிங்கநல்லூரில் ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) ஐடி வேலைக்காக வந்து அடுக்குமாடியில் வீடு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளில் இருப்பவர்கள் வேறு: நகரின் நடுவே ஆற்றோரத்திலும் குடிசைப் பகுதிகளிலும் வாழ்ந்தவர்கள், வேலையும் பள்ளியும் இருந்த இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். இவர்களோடு ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரத்து மீனவர் குப்பங்கள், மேடவாக்கம், பள்ளிக்கரணை போன்ற பழைய ஊர்க்காரர்கள். இந்த நாலு கூட்டத்தையும் சேர்த்துத் "தொகுதி சராசரி" என்று ஒன்றைச் சொன்னால், அது அங்கே வாழும் யாரைப் பற்றியும் சொல்லாது. நடு நகரத் தொகுதிகளில் ஆட்கள் அதிகம் கூடாததையும் இங்கே ஆட்கள் பெருகியதையும் தனித்தனிச் செய்தியாகப் படிக்காதீர்கள், கணிசமான அளவுக்கு அது ஒரே குடும்பங்களின் இடமாற்றம்.

குடியிருப்பவர் எல்லோரும் வாக்காளர் இல்லை

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். திருப்பூரில் பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளம், ஆனால் அவர்களில் பெரும்பாலோரின் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்கும். மக்கள் தொகை கூடும், வாக்காளர் பட்டியல் அந்த அளவு கூடாது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு டெல்டாவிலோ தென் மாவட்டத்திலோ பெயர் வைத்திருப்பவர்கள் கதையும் இதுதான், தேர்தலுக்கு முந்தைய நாள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தாலே புரியும்.

அதனால் 18 வயதுக்கு மேற்பட்டோர் எத்தனை பேர், பட்டியலில் எத்தனை பேர், வாக்களித்தவர் எத்தனை பேர் என்று எக்செல்லில் மூன்று பத்திகள் (column) போட்டுக்கொள்ளுங்கள். பட்டியல் எண்ணிக்கை பெரியவர்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தால் இறந்தவர்களும் இடம் மாறியவர்களும் இன்னும் பட்டியலில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். 2025 இறுதியில் நடந்த வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்ஐஆர்) தமிழ்நாட்டின் பட்டியல் 6.41 கோடியிலிருந்து வரைவில் 5.43 கோடியாக இறங்கியது, 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வரைவில் இல்லை. அதில் தகுதி இருந்தும் பெயர் போனவர் யார் என்பது தனியாகப் போராட வேண்டிய விஷயம், அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. கணக்குக்கு வந்தால், இந்தத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வாக்குப்பதிவு சதவீதங்களை ஒப்பிடவே கூடாது. 3 லட்சம் பேர் பட்டியலில் இருந்து 1.8 லட்சம் பேர் வாக்களித்தால் 60 சதவீதம். 50 ஆயிரம் பெயரை நீக்கிவிட்டால் அதே 1.8 லட்சம் பேர் 72 சதவீதம் ஆகிவிடுவார்கள். கூடுதலாக ஒருவர்கூட வாக்குச்சாவடிக்கு வரவில்லை, ஆனால் "மக்கள் எழுச்சி" என்று தலைப்பு போட இடம் கிடைத்துவிடும். எப்போதும் வாக்குகளின் எண்ணிக்கையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படிவம் 20

எண்ணிக்கை முடிந்த பிறகு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் படிவம் 20 வரும். வாக்குச்சாவடி வாரியாக எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்பது முழுசாக அதில் இருக்கும். இதைவிடப் பெரிய புதையல் இந்த வேலையில் கிடையாது. பல சமயம் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகத்தான் வரும், உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும், செய்யுங்கள். தபால் வாக்குகள் கடைசியில் தனி வரியாக வரும், அவற்றை எந்தச் சாவடியிலும் சேர்க்காதீர்கள்.

சாவடி எண்ணை மட்டும் வைத்து இரண்டு தேர்தல்களைப் பொருத்தக் கூடாது. 2021இல் கொரோனா காரணமாக ஒரு சாவடிக்கு ஏறத்தாழ ஆயிரம் வாக்காளர் என்று பிரித்ததால் மாநிலத்தில் சாவடிகள் 88 ஆயிரத்தைத் தாண்டின, 2016இல் 45ஆம் எண் சாவடியில் இருந்த தெரு 2021இல் வேறு எண்ணில் இருக்கலாம். வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பாகத்துக்கும் முதல் பக்கத்தில் அதில் அடங்கும் தெருக்களின் பெயர் இருக்கும், அதை வைத்துப் பொருத்துங்கள். ஒரே பள்ளியில் இருக்கும் சாவடிகளை ஒன்றாகக் கூட்டிக்கொண்டால் வேலை பாதியாகும், தவறும் குறையும்.

பொருத்திய பிறகு ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள்: பழைய ஊர், அடுக்குமாடி, மறுகுடியேற்றக் குடியிருப்பு, குப்பம். தெருவைத் தெரிந்தவர்கள்தான் இதைச் சரியாகச் செய்ய முடியும், அதனால் உள்ளூர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், தபால்காரரோ கேபிள் காரரோ என்றால் இன்னும் நல்லது.

இனி கணக்கு. ஒரு கற்பனை எண்ணிக்கையில் காட்டுகிறேன். முதல் தேர்தலில் பழைய தெருக்களில் 10,000 வாக்குகள், அதில் ஒரு கட்சிக்கு 5,000, அதாவது 50 சதவீதம். பத்து வருடம் கழித்தும் அதே தெருக்களில் அதே 10,000, அதே 5,000. நடுவில் அடுக்குமாடிகள் வந்து 6,000 வாக்குகள் சேர்ந்தன, அங்கே அந்தக் கட்சிக்கு 1,800. மொத்தம் 16,000இல் 6,800, அதாவது 42.5 சதவீதம். கட்சி ஏழரைப் புள்ளி இறங்கியிருக்கிறது, ஆனால் பழைய ஆதரவாளர் ஒருவர்கூட விலகவில்லை. நிஜத்தில் இரண்டும் கலந்துதான் இருக்கும். பழைய தெருக்களில் எவ்வளவு இறங்கியது என்று தனியாகப் பாருங்கள், மனசு மாறியதை ஓரளவுக்கு அது காட்டும். மொத்த இறக்கத்தில் மிச்சம் இருப்பது ஆட்கள் மாறியதன் பங்கு.

பழைய தெருக்களிலும் ஆட்கள் மாறுகிறார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம். பட்டியலில் வயது இருக்கிறது, 60 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை, 30க்குக் கீழ் எத்தனை என்று எண்ணிப்பாருங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான், எனவே பல ஊர்களில் புதிதாகச் சேரும் 18 வயதினரைவிட முதியோரின் எடை கூடிக்கொண்டே போகிறது. முதியோர் உதவித்தொகை, மருத்துவமனை, பேருந்து இவை பற்றிய வாக்குறுதிகள் ஏன் இவ்வளவு முன்னால் வருகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மக்கள்தொகை மேல் பழி போடும் முன்பு

கூட்டணியைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் 2014இல் பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன் ஏறக்குறைய 3.7 லட்சம் வாக்குகளோடு வென்றார். 2019இலும் அவருக்கு ஏறக்குறைய அதே 3.7 லட்சம்தான், ஆனால் காங்கிரஸின் வசந்தகுமாரிடம் இரண்டரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் தோற்றார். ஐந்து வருடத்தில் மாவட்டத்தின் மதக் கணக்கோ வயதுக் கணக்கோ தலைகீழாகிவிடவில்லை. 2014இல் காங்கிரஸ், திமுக, அதிமுக, இடதுசாரிகள் எல்லோரும் தனித்தனியாக நின்றார்கள், 2019இல் காங்கிரஸும் திமுகவும் ஓர் அணியில் இருந்தன, அதிமுக பாஜகவோடு போனது. அணிகள் மாறிய தேர்தல்களை ஒப்பிடும்போது ஒரு கட்சியின் சதவீதத்தை மட்டும் எடுக்காமல் எந்தக் கட்சி எந்தப் பக்கம் நின்றது என்று எக்செல்லில் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். புதுக் கட்சிகள் நிற்கும் தேர்தலிலும் கவனம் தேவை. 2019இல் மக்கள் நீதி மய்யம் மாநில அளவில் 4 சதவீதத்தை எட்டவில்லை, ஆனால் தென்சென்னையிலும் கோவையிலும் 10 சதவீதத்தைத் தாண்டியது. நகரமாதல் ஒரு புதிய கட்சிக்கு எங்கே இடம் கொடுக்கிறது என்பதற்கு அது நல்ல தடயம், ஆனால் ஒரே தேர்தலை வைத்து நிரந்தரப் போக்கு என்று எழுத முடியாது.

இன்னொன்று, இதை நான் அழுத்தியே சொல்வேன். வெளிமாநிலத்தவர் அதிகம் இருக்கும் சாவடியில் ஒரு கட்சிக்கு வாக்கு கூடியிருந்தால், வெளிமாநிலத்தவர்தான் அந்தக் கட்சிக்குப் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு அங்கே வாக்கே இல்லாமல் இருக்கலாம், அவர்கள் வருகையைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் வேறு மாதிரி போட்டிருக்கலாம், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். இடத்தின் கணக்கு தனி மனிதரின் வாக்கைச் சொல்லாது. அதேபோலப் பட்டியலில் உள்ள பெயர்களை வைத்துச் சாதி, மதம் ஊகித்து அட்டவணை போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்த ஊகம் அடிக்கடி தப்பாகும், அந்த அட்டவணை தவறான கைக்குப் போனால் ஒரு தெருவையே குறிவைக்க உதவும். தெரு, வீட்டு வகை, வயது, இவை போதும். பட்டியலை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், வெளியிடும்போது கூட்டுத்தொகையை மட்டும் வெளியிடுங்கள்.

கடைசியாக, இந்த வேலையை இப்போதே தொடங்க ஒரு காரணம் இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் (எந்த நாளின் நிலவரத்தை எண்ணுகிறார்களோ அந்த நாள்) 2027 மார்ச் 1. மாநிலங்களுக்கிடையே மக்களவை இடங்களின் பங்கீட்டை 1971 கணக்கோடு நிறுத்திவைத்த தடை, 84வது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரைக்கும்தான், அதன் பிறகு இடங்களும் எல்லைகளும் மாறலாம். 1967இல் சென்னை மாநிலத்தின் (இன்றைய தமிழ்நாடு) மக்களவை இடங்கள் 41இலிருந்து 39 ஆனது போன்ற ஒரு பேச்சு மீண்டும் வரும்போது, உங்கள் தொகுதியின் எந்தத் தெரு எந்தச் சாவடியில், எந்த வார்டில் இருந்தது என்ற பொருத்தப் பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும். எல்லைகள் மாறிய பிறகு அதைத் திரும்ப உருவாக்குவது மிகவும் கஷ்டம், பழைய படிவம் 20களும் பட்டியல் முகப்புப் பக்கங்களும் எப்போது வேண்டுமானாலும் தளத்திலிருந்து காணாமல் போகலாம். 2011, 2016, 2021 மூன்றுக்கும் உரியதை முதலில் இறக்கி இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள், தட்டச்சு வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.