வன்னியில் தீவனச் சோளம்: நைதரசன் பசளையைத் தெரிவு செய்வது எப்படி?

ஆடி, ஆவணியில் வன்னியின் மேய்ச்சல் தரைகள் காய்ந்துவிடும். குளத்து நீரோ கிணற்று நீரோ எட்டும் காணி இருந்தால், பால்மாடு வைத்திருப்பவர்கள் தீவனச் சோளம் போட்டு அந்தக் காலத்தைச் சமாளிக்கலாம். தண்டு பருக்கவும் இலையில் புரதம் ஏறவும் அதற்கு நைதரசன் நிறைய வேண்டும்.

1. பையின் விலையை விட்டு, உள்ளே இருக்கும் நைதரசனின் விலையைக் கணக்குப் பாருங்கள். யூரியாவில் 46 சதவீதம், அமோனியம் சல்பேற்றில் 21 சதவீதம். அதாவது 50 கிலோ யூரியாப் பையில் 23 கிலோ நைதரசன், மற்றதில் பத்தரைக் கிலோதான். பெரும்பாலும் யூரியாவே மலிவாக வரும். ஆனால் அமோனியம் சல்பேற்றில் 24 சதவீதம் கந்தகமும் உண்டு. புரதம் உருவாக அதுவும் தேவை. எருவே காணாத மணற்பாங்கான காணியில் குருத்திலைகள் வெளிறினால், ஒரு பங்கை அமோனியம் சல்பேற்றாகக் கொடுங்கள்.

2. உழவோடு மக்கிய பட்டி எருவைக் கலந்துவிடுங்கள். ஈரம் பிடிக்கும். ஆனால் எரு நைதரசனை மெதுவாகத்தான் விடும். வேகமாக வளரும் சோளத்துக்கு அது மட்டும் காணாது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது இதை நன்றாகவே கண்டோம்.

3. விதைக்கும்போது கால் பங்கு யூரியா போதும். விதையில் படாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள், பட்டால் முளை கருகும். மீதியைப் பயிர் முழங்கால் உயரம் வந்ததும் போடலாம். அப்போதிருந்து பூக்கும்வரைதான் சோளம் நைதரசனை அள்ளி எடுக்கும். மணல் நிலமென்றால் அந்த மீதியையும் இரண்டு தரமாகப் பிரியுங்கள். மொத்த அளவை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. ஈர மண்ணின்மேல் சும்மா கிடக்கும் யூரியா அமோனியா வாயுவாகிப் பறந்துவிடும். வெயில் கூடினால் இழப்பும் கூடும், சுண்ணாம்பு மண்ணில் இன்னும் அதிகம். வரிசையோரம் கீறிப் போட்டு, மண் அணைத்து, அப்புறம் நீர் விடுங்கள். மூட ஆளும் இல்லை, உடனே நீரும் இல்லை என்றால், சுண்ணாம்பு இல்லாத செம்மண்ணில் அமோனியம் சல்பேற்றே நல்லது. தண்ணீர் தேங்கினால் எந்தப் பசளையும் வீண்தான், முதலில் வடிகால் வெட்டுங்கள்.

அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியே மஞ்சளானால் நைதரசன் போதவில்லை என்று அர்த்தம்.

5. நைதரசன் பசளை கூடுதலாகப் போட்ட பயிர் வறட்சியில் வாடினால் அடித்தண்டில் நைத்திரேற்று சேரும். அது மாட்டைக் கொல்லக்கூடிய நஞ்சு. வறட்சிக்குப் பின் மழை பெய்த கையோடு வெட்டாதீர்கள். ஒரு கிழமையாவது பொறுங்கள். அடியில் ஓரடி விட்டு வெட்டுங்கள். சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைக்கும் தீவனம்) போட்டால் நைத்திரேற்று பெருமளவு குறையும். அதற்கு, பொத்தியில் மணி பால் வற்றி மாவாக இறுகும்போது வெட்டுவது சரி. யூரியாப் பையையும் அதைக் கரைத்த வாளியையும் மாடு எட்டாத இடத்தில் வையுங்கள்.