எக்ஸ்ரெஃப் லேயர்: நேற்று மறைத்தது இன்று ஏன் தெரிகிறது?

ஆட்டோகேடில் உங்கள் டிராயிங்குக்குள் ஆர்க்கிடெக்டின் பிளானை எக்ஸ்ரெஃப்பாக, அதாவது வெளியிலிருந்து இணைத்துக் காட்டும் ஃபைலாக, வைத்திருக்கிறீர்கள். அவரிடமிருந்து திருத்திய பிளான் வந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை இணைக்கிறீர்கள். எலக்ட்ரிக்கல் லேஅவுட்டில் தேடித்தேடி ஃப்ரீஸ் செய்த (அவை இருக்கும் லேயரை, அதாவது அடுக்கை, மறைத்து வைத்த) சோஃபா, கட்டில், டைல்ஸ் ஹேட்ச் எல்லாம் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆட்டோகேட் சொதப்பிவிட்டது என்று திட்டுவதற்கு முன் ஃபைல் பெயரைப் பாருங்கள்.

எக்ஸ்ரெஃப்பின் லேயர்கள் நம் டிராயிங்குக்குள் 'பிளான்|ஃபர்னிச்சர்' என்பது போல, ஃபைல் பெயர், நடுவில் ஒரு கோடு, பிறகு லேயர் பெயர் என்று வரும். நாம் ஃப்ரீஸ் செய்ததும் கலர் மாற்றியதும் இந்த முழுப் பெயரோடுதான் பதிவாகின்றன. 'பிளான்-ஆர்1' போய் 'பிளான்-ஆர்2' வந்தால், ஆட்டோகேடுக்கு அது முன்பின் தெரியாத ஃபைல். பழையதை டீடாச் செய்த, அதாவது இணைப்பை அறவே நீக்கிய, நொடியிலேயே அதன் லேயர்களும், அவற்றில் நீங்கள் செய்த வேலையும் போய்விட்டன.

டீடாச் செய்யாமல், எக்ஸ்டர்னல் ரெஃபரன்ஸ் பேலட்டில் பழைய ரெஃபரன்ஸைத் தேர்ந்தெடுத்து அதன் பாத்தை (ஃபைல் இருக்கும் இடத்தை) மட்டும் புதிய ஃபைலுக்கு மாற்றுங்கள். ரெஃபரன்ஸ் பெயர் அப்படியே நிற்கும், லேயர் அமைப்பும் நிற்கும். இதைவிட எனக்குப் பிடித்தது, ஃபைல் பெயரில் ரிவிஷன் நம்பரே வைக்காத வழக்கம். நடப்பு ஃபைலுக்கு எப்போதும் ஒரே பெயர். பழையவை தேதி போட்ட ஃபோல்டருக்குப் போகட்டும். ஆனால் ஆர்க்கிடெக்ட் தன் ஃபைலில் லேயர் பெயரையே மாற்றிவிட்டால் இதுவும் உதவாது, அந்த லேயரை மறுபடி ஃப்ரீஸ் செய்ய வேண்டியதுதான். கொஞ்ச நேரத்துக்கு எக்ஸ்ரெஃப் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றால், இணைப்பை நீக்காமல் மறைக்கும் அன்லோட் செய்யுங்கள், டீடாச் வேண்டாம்.

பெயர் மாறவே இல்லை, அதே ஃபைலை மறுபடி ஏற்றும் வெறும் ரீலோடிலேயே எல்லாம் திரும்பிவிட்டதா? விஸ்ரீடெய்ன் (VISRETAIN) என்று டைப் செய்து பாருங்கள். மதிப்பு 1 என்றால் நம் டிராயிங்கில் செய்த லேயர் மாற்றங்கள் நிலைக்கும். 0 என்றால் ஒவ்வொரு ரீலோடிலும் மூல ஃபைலில் உள்ளபடியே வரும். இது டிராயிங்கிலேயே சேமிக்கப்படுவதால் ஒரு ஷீட் ஒழுங்காகவும் பக்கத்து ஷீட் கோளாறாகவும் இருக்கலாம். இயல்பு மதிப்பு 1 தான். யாரோ எப்போதோ மாற்றி வைத்த டெம்ப்ளேட்டில் 0 ஒளிந்திருக்கும்.

1 வைத்தாலும் ஒரு வம்பு உண்டு. "லேயரை ஆன் பண்ணி அனுப்பிட்டேனே சார்" என்பார் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் டிராஃப்ட்ஸ்மேன். "இங்க ஒண்ணும் தெரியலையே" என்பீர்கள் நீங்கள். இரண்டும் உண்மை. உங்கள் டிராயிங் தன்னிடம் இருக்கும் பழைய ஃப்ரீஸைத்தான் மதிக்கும், அதை நீங்களேதான் எடுக்க வேண்டும்.

மூல ஃபைலில் புதிதாகச் சேர்த்த லேயர் இன்னொரு தலைவலி. அதற்கு இங்கே எந்தப் பதிவும் இல்லை. மூலத்தில் தெரிகிற நிலையில் இருந்தால் எல்லா வியூபோர்ட்டிலும் (ஷீட்டில் டிராயிங்கைக் காட்டும் ஜன்னல்களிலும்) தெரியும். லேயர் அறிவிப்பு ஆனில் இருந்தால், அப்போது திரையின் மூலையில் அன்ரெகன்சைல்ட் லேயர் (இன்னும் சரிபார்க்காத லேயர்) என்று ஒரு பலூன் எழும். எல்லோரும் பார்க்காமலே மூடிவிடுவார்கள், பிறகு பிரின்ட்டில் பார்த்துப் பதறுவார்கள். அந்த பலூன் வந்தால் பட்டியலைத் திறந்து, எந்த ஷீட்டுக்கு எது வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

எக்ஸ்ரெஃப்பை எந்த லேயரில் வைக்கிறோம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. டெக்ஸ்ட் லேயர் நடப்பு லேயராக இருக்கும்போது பிளானை அட்டாச் செய்துவிட்டு, பிறகு டெக்ஸ்டை ஃப்ரீஸ் செய்தால் கட்டடமே காணாமல் போகும். அதே லேயரை ஆஃப் செய்தாலோ கட்டடம் அப்படியே நிற்கும். மூல ஃபைலில் 0 லேயரில் வரைந்தவை மட்டும் மறையும். ஏனென்றால் 0 லேயரில் உள்ளவை எக்ஸ்ரெஃப் உட்கார்ந்திருக்கும் லேயரைச் சார்ந்தே நடந்துகொள்ளும். அவற்றைத் தனியாகப் பிரித்து ஃப்ரீஸ் செய்ய நமக்கு வழியில்லை, வரைந்தவரிடம்தான் சொல்ல வேண்டும். எக்ஸ்ரெஃப்புக்கென்றே ஒரு லேயர் ஒதுக்கி, அதை ஆன் ஆகவே விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு ஷீட்டில் மறைக்க வேண்டுமென்றால் வியூபோர்ட்டுக்குள் போய், லேயர் மேனேஜரில் விபி ஃப்ரீஸ் (VP Freeze) என்ற நெடுவரிசையைத் தொடுங்கள். பக்கத்திலிருக்கும் சாதா ஃப்ரீஸைத் தொட்டால் எல்லா ஷீட்டிலும் போய்விடும்.

எக்ஸ்ரெஃப்பை நம் டிராயிங்கிலேயே நிரந்தரமாகச் சேர்க்கும் பைண்ட் செய்யும்போதும் கவனம் தேவை. பைண்ட் வகையில் லேயர் பெயரின் நடுக்கோடு $0$ என்று மாறும், லேயர் தனியாகவே இருக்கும். இன்செர்ட் வகையில் முன்பெயர் உதிர்ந்துவிடும். உங்கள் டிராயிங்கில் ஏற்கெனவே ஃபர்னிச்சர் என்றொரு லேயர் இருந்தால் ஆர்க்கிடெக்டுடையதும் அதற்குள் கலந்துவிடும். பிறகு ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்ட முடியாது. ஒரு காப்பி எடுத்து அதில் பைண்ட் செய்யுங்கள்.

பெரிய ரீலோடுக்கு முன் லேயர் ஸ்டேட் (எல்லா லேயர்களின் அப்போதைய நிலை) ஒன்று சேமித்து வைப்பது நல்லது. ரெஸ்டோர் செய்யும்போது, ஸ்டேட்டில் இல்லாத லேயர்களை ஆஃப் செய்யும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை டிக் செய்தால் புது லேயர்கள் எல்லாம் சத்தமில்லாமல் மறையும். அவற்றில் நீங்கள் பார்த்தே ஆகவேண்டிய புதிய டக்ட் ஒன்றும் இருக்கலாம்.