வாலாட்டிய டிரெய்லரை அடக்கியது எப்படி

மிச்சிகனில் எங்கள் வீட்டு கராஜில் நானே செய்த, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் கேம்பிங் டிரெய்லர் அது. 4 அடி அகலம், 8 அடி நீளம், கண்ணீர்த்துளி வடிவம். உள்ளே படுக்கை, பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. முதல் பயணத்தில், ஐ-75 நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தைத் தொட்டதும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. காரும் சேர்ந்து ஆடியது. பின்சீட்டில் மகள், எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். மெல்ல அடங்கியது.

டயர் காற்று, நட்டு, அச்சு எல்லாம் சரி. அப்புறம்தான் எடையைப் பார்த்தேன். காரின் கொக்கியில் டிரெய்லரின் மூக்கு, அதாவது முன்முனை, அழுத்தும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் இப்படித்தான் வாலாட்டும். சமதரையில் நிறுத்தி, வீட்டு எடை மெஷின் மேல் மரக்கட்டை வைத்து, காரில் மாட்டும் அதே உயரத்தில் மூக்கை இறக்கினேன். மொத்தம் 1,000 பவுண்டு. மூக்கில் வெறும் 40! பேட்டரி, 5 காலன் தண்ணீர், ஐஸ் பெட்டி என்று கனமானதையெல்லாம் அச்சுக்குப் பின்னால், சமையல் மேடையிலேயே அடுக்கியிருந்தேன். வரைபடம் போடும்போது கைக்கு எட்டும் வசதியை மட்டுமே யோசித்திருக்கிறேன்.

பேட்டரியைப் பெட்டியில் வைத்து மூக்குச் சட்டத்தில் போல்ட் போட்டேன். தண்ணீர்த் தொட்டி படுக்கையின் முன்முனைக்கு அடியில் போனது. சின்ன பம்பும் குழாயும் பின்னால் வரை. மறுபடி எடை பார்த்தால் 130. என் கொக்கியின் வரம்பு 200, அதற்குள்தான். அதே சாலை, அதே வேகம். டிரெய்லர் அசையாமல் பின்னால் வந்தது.