சீனி தின்றால் பிள்ளை குழப்படி செய்யுமா?

போன மாதம் கிளிநொச்சியில் அக்கா வீட்டில் பிறந்தநாள். கேக் வெட்டி அரை மணித்தியாலம் ஆகவில்லை, பிள்ளைகள் முற்றத்துக் கதிரைகளைக் கவிழ்த்துப் போட்டு பஸ் ஓட்டுகிறார்கள். "சீனி ஏறிப்போச்சு, இனி விடிய விடிய நித்திரையில்லை" என்றார் அம்மம்மா. பழியைக் கேக்கின் தலையில் போடுகிற இந்தத் தவறைத்தான் எல்லோரும் செய்கிறோம். இருபது பிள்ளைகள் ஒன்றுகூடி, பாட்டு அலறி, படுக்கிற நேரமும் தவறிப்போனால், உப்புக்கஞ்சி கொடுத்திருந்தாலும் அந்தக் கதிரைகள் கவிழ்ந்துதான் இருக்கும்.

சும்மா சொல்லவில்லை. எதில் சீனி இருக்கிறது என்று பிள்ளைக்கும் தாய்தகப்பனுக்கும் சோதிப்பவருக்கும் தெரியாமல் நடத்திய 23 சோதனைகளை 1995இல் அமெரிக்காவில் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். நடத்தையிலும் படிப்பிலும் சீனி எதையும் மாற்றியதாகத் தெரியவில்லை. ஒருசில பிள்ளைகளுக்குச் சிறு பாதிப்பு இருக்கலாம் என்பதை மட்டும் முற்றாகத் தள்ளிவிடவில்லை. அதற்கு முந்தின வருடம் நடந்த இன்னொரு ஆய்வுதான் எனக்குப் பிடித்தது. "என் மகனுக்குச் சீனி ஒத்துவராது" என்று நம்பிய தாய்மாரின் பையன்களுக்கு, சீனியே இல்லாத இனிப்புப் பானத்தைக் கொடுத்துவிட்டு, பாதித் தாய்மாரிடம் அது சீனி என்று சொன்னார்கள். அந்தத் தாய்மாருக்குத்தான் மகன் கூடத் துள்ளுவதாகத் தெரிந்தது, அவனைக் கூடக் குறையும் சொன்னார்கள், பக்கத்திலேயே நின்று கண்காணித்தார்கள். பேச்சு வாங்குகிற பிள்ளை பிறகு எப்படி அமைதியாக இருப்பான், சொல்லுங்கள்?

இந்த நம்பிக்கையால் வருகிற பெரிய கேடு வேறு. ஆறு மாதத்துக்கு மேலாக, வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும், ஒரு இடத்தில் இருக்கவோ ஒன்றைக் கவனிக்கவோ முடியாமல் தவிக்கிற பிள்ளைக்கும் "இனிப்பைக் குறை" என்று சொல்லியே காலம் போய்விடும். அவனை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அப்புறம், சீனியை விட்டுப் பனங்கட்டிக்கு மாறினால் பிள்ளை அடங்கிவிடும் என்ற எண்ணம். பனங்கட்டியின் ருசிக்கு நானும் அடிமைதான், ஆனால் அதிலும் பெரும்பங்கு அதே சீனிதான். அதைக் கடித்துக்கொண்டு பிள்ளை இரவு ஏழு மணிக்குச் சாயம் கூடின பிளேன்ரீ குடிக்கிறான், அதில் இருக்கிற கஃபீனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நித்திரையைக் கெடுக்கக்கூடியது அதுதான்.

நாக்கைச் சிவப்பாக்குகிற இனிப்புகளில் கொஞ்சம் கவனம் வேண்டும். செயற்கை நிறங்களும், உணவு பழுதாகாமல் இருக்கப் போடுகிற சோடியம் பென்சோவேற்றும் சேர்ந்த கலவை சில பிள்ளைகளின் துடிதுடிப்பைச் சற்றுக் கூட்டியதாக 2007இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு சொன்னது. அதில் பார்த்த ஆறு நிறங்களில் ஒன்றைச் சேர்த்தாலும் உணவுப் பொதியில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று 2010இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம்.

சரி, சீனி குழப்படிக்குக் காரணமில்லை என்றால் அள்ளிக் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம், பல் சூத்தையாகும். கடையில் சோடா வாங்கும்போது போத்தலைத் திருப்பிப் பாருங்கள். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி என்று போட்டிருந்தால், 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டி. பிளேன்ரீக்கு எட்டுக் கரண்டி போட்டால் அம்மம்மாவே கையைப் பிடிப்பார்.