மொசைக் தரைக்கு கிரவுட் நிறம்: என் அனுபவம்

சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறைத் தரையில் 25 மில்லிமீட்டர் வெள்ளை மொசைக் டைல்களைப் பதித்தபோது, பளிச்சென்று இருக்கும் என்று நம்பி டைல்களுக்கு இடையிலான இடைவெளிகளை நிரப்பும் கிரவுட் பூச்சையும் வெள்ளையிலேயே பூசச் சொன்னேன். இரண்டே மாதங்களில் அது பழுப்பேறிவிட்டது. இடைவெளி 2 மில்லிமீட்டர்தான் என்றாலும், இவ்வளவு சிறிய டைல்களில் தரைப்பரப்பின் ஏழில் ஒரு பங்கு கிரவுட்டாகவே அமைந்துவிடுகிறது என்பதைப் பிறகுதான் கணக்கிட்டுப் பார்த்தேன்.

மேஸ்திரி கறுப்பைப் பரிந்துரைத்தார். எங்கள் போர் தண்ணீரின் உப்பு அதன்மேல் வெண்படலமாகத் தெரியும் என்பதால் நான் இணங்கவில்லை. மிஞ்சிய டைல்களை ஒரு பலகையில் ஒட்டி, இருவகைச் சாம்பல் நிறங்களைப் பூசி, சிமென்ட் கிரவுட் உலர்ந்தபின் வெளிறும் என்பதால் மூன்று நாள் காத்திருந்து, குளியலறை வெளிச்சத்திலேயே வைத்து ஒப்பிட்டேன். நடுத்தரச் சாம்பலே பொருந்தியது. பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுப்பதற்குத்தான் நான்கு நாள் பிடித்தது.