டீசல் மனசோட கரண்டு காரு வாங்குறது எப்படி (டெல்டா ஆளுங்களுக்கு மட்டும்)

என்கிட்ட இருக்கறது 2012 ஸ்விஃப்ட் டீசல். அதே 1.3 மல்டிஜெட் எஞ்சின்தான், ஒரு காலத்துல தெருவுல நிக்கற பாதி வண்டிக்குள்ள அதுதான் இருந்துச்சு. 2000 ஆர்பிஎம் வரைக்கும் தூங்கும், அப்புறம் பின்னாலேர்ந்து யாரோ புடிச்சு தள்ளுன மாதிரி கெளம்பும் பாருங்க, அந்த ஒரு செகண்டுக்காகவே பன்னெண்டு வருஷமா வச்சிருக்கேன். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புது புகை விதி வந்தப்போ மாருதி டீசலையே மூட்டை கட்டிட்டாங்க. இப்ப வீட்டுல இன்னொரு காரு வாங்கணும்னு பேச்சு, மச்சான் கரண்டு காருங்கறான், மாமா ஹைப்ரிடுங்கறாரு (பெட்ரோல் எஞ்சினும் கரண்டு மோட்டாரும் சேந்த வண்டி), எனக்கு ரெண்டு மேலயும் ஆசையும் இருக்கு எரிச்சலும் இருக்கு. ஆறு மாசம் அலைஞ்சு திரிஞ்சு பாத்ததுல, எதை எந்த வரிசைல பாக்கணும்னு ஒரு தெளிவு வந்துச்சு, அதைத்தான் எழுதறேன்.

மொதல்ல ஒரு வேலை பண்ணுங்க. உங்க இப்போதைய வண்டில உங்களுக்கு புடிச்சது எதுன்னு ஒரே ஒரு விஷயத்தை சொல்லுங்க. "டிரைவிங் புடிக்கும்"னு பொத்தாம் பொதுவா சொன்னா வேலைக்கு ஆகாது. இழுவைதான் புடிக்கும்னா கரண்டு காரு உங்களுக்கு டீசலை விட நல்லாவே இருக்கும், சண்டையே இல்ல. 2020 ஜனவரில வந்த டாடாவோட மொத கரண்டு நெக்ஸானே (நெக்ஸான் இவி) இழுவைல 245 நியூட்டன் மீட்டர், நம்ம மல்டிஜெட் 190தான், அதுவும் அங்க மிதிச்ச அடுத்த நொடியே வருது, டர்போ முழிக்கட்டும்னு காத்திருக்கறதெல்லாம் கிடையாது. கியர் போடறதுதான் புடிக்கும்னா கரண்டு காருலயும் கிடையாது, ஸ்ட்ராங் ஹைப்ரிட்லயும் (வெறும் மோட்டார்லயும் ஓடக்கூடிய ஹைப்ரிட்) கிடையாது, இதை இப்பவே மனசுல போட்டுக்கங்க. இங்கதான் நெறைய பேர் ஏமாறுறாங்க, ஹைப்ரிடுன்னா பழசுக்கும் புதுசுக்கும் நடுவுல இருக்கும், கொஞ்சம் பெட்ரோல் வண்டி மாதிரி இருக்கும்னு நெனச்சு போறாங்க. ஸ்ட்ராங் ஹைப்ரிட்ல இ-சிவிடிங்கற தானா மாறுற கியர்தான், ஓவர்டேக்குக்கு முழுசா மிதிச்சா எஞ்சின் சத்தம் மட்டும் முன்னாடி ஓடும், வண்டி நிதானமா பின்னாடி வரும். ரசிச்சு ஓட்டறவனுக்கு கரண்டு காரை விட இதுதான் வெறுப்பேத்தும், இது என் கருத்து.

இன்னொரு வகை ஆளு இருக்காங்க, வண்டியை விட மெக்கானிக் பட்டறைதான் அவங்களுக்கு உசுரு. நானும் அதுல சேத்தி. பாபநாசத்துல எங்க மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டேன், "அண்ணே, கரண்டு காரு வந்தா பாப்பீங்களா?"ன்னு. கையில இருந்த கிரீஸை துணில தொடச்சுக்கிட்டே, "தம்பி, பிரேக்கு, சஸ்பென்ஷன், டயரு, ஏசி எல்லாம் பாப்பேன், ஆரஞ்சு கலர் வயர் இருக்கு பாத்தியா, அதுல மட்டும் கை வைக்க மாட்டேன், புள்ளகுட்டிக்காரன்"னாரு. சரியான பதில். ஹை வோல்டேஜ் லைனுக்கு ஆரஞ்சு கலர்தான் போடுவாங்க, அதை கம்பெனி ஆளுதான் தொடணும். அதனால சர்வீஸ் சென்டர் உங்க ஊர்லேர்ந்து எவ்வளவு தூரம், வண்டி நின்னா தூக்கிட்டு போறது யாரு, இதை வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.

ஹைப்ரிடுங்கற பேரை வச்சு ஒரு கண்ணாமூச்சி நடக்குது, அதையும் சொல்லிடறேன். 2015ல மாருதி சியாஸ்ல எஸ்ஹெச்விஎஸ்ங்கற பேர்ல வந்த மாதிரி மைல்டு ஹைப்ரிட் வெறும் மோட்டார்ல ஓடவே ஓடாது, எஞ்சினுக்கு கொஞ்சம் கை கொடுக்கும், சிக்னல்ல ஆஃப் பண்ணி ஆன் பண்ணும், அவ்வளவுதான். மாருதி கிராண்ட் விட்டாரா ஒரே பேர்ல மைல்டும் வந்துச்சு ஸ்ட்ராங்கும் வந்துச்சு, ஸ்ட்ராங்குக்குத்தான் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர்னு கம்பெனி சொன்ன கணக்கு. சந்தேகமா இருந்தா ஷோரூம் வாசல்லயே ஸ்டார்ட் பண்ணி மெதுவா நகத்தி பாருங்க, எஞ்சின் சத்தமே இல்லாம வண்டி நகந்தா அது ஸ்ட்ராங்கு. அப்புறம் ஹைப்ரிட் மைலேஜ் கொட்டுறது கும்பகோணம் மகாமகக் குளத்தை சுத்தி நின்னு நின்னு போற ட்ராஃபிக்லதான், சென்னைக்கு 100ல புடிச்சுக்கிட்டு போனா அந்த லாபம் பாதி கரைஞ்சுடும். டவுனுக்குள்ளயே சுத்தறவங்களுக்கு ஓகே.

அடுத்தது ஒரு மாசம் கிலோமீட்டர் எழுதி வைங்க. டைரி எல்லாம் வேண்டாம், ராத்திரி மீட்டரை போன்ல ஒரு போட்டோ எடுத்தா போதும். நான் எழுதிப் பாத்ததுல எனக்கே ஆச்சரியம், தஞ்சாவூர் போயிட்டு வந்தா 80, திருவாரூர் போயிட்டு வந்தாலும் கிட்டத்தட்ட அதேதான், மாசத்துல ரெண்டு நாள்தான் 150 தாண்டுது, சென்னை வருஷத்துக்கு நாலு தடவை. கம்பெனி சொல்ற ரேஞ்சை அப்படியே நம்பாதீங்க, மொத நெக்ஸானுக்கு 312னு சொன்னாங்க, ஓட்டுனவங்க 200ஐ ஒட்டித்தான் பாத்தாங்க. சொல்றதுல 65, 70 சதவீதம்னு வச்சுக்கிட்டு உங்க அதிகபட்ச நாளுக்கு அது பத்துதான்னு பாருங்க.

இப்ப முக்கியமான விஷயம், வீட்டு கரண்டு. காரை விட இதுக்குத்தான் நான் அதிகமா அலைஞ்சேன். ஷோரூம்ல "15 ஆம்ப் பிளக் இருந்தா போதும் சார்"னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. 15 ஆம்ப்ல சுமார் 3 கிலோவாட்தான் ஏறும், 40 யூனிட் பேட்டரி காலியா வந்தா நெறையறதுக்கு 13 மணி நேரம் ஆகும். தெனம் 80 கிலோமீட்டர்னா 12 யூனிட்டு, நாலு மணி நேரம், அதுக்கு இதுவே தாராளம். 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டணும்னா 32 ஆம்ப் இழுக்கும், ஈபில லோடு கூட்டி வாங்கணும்.

ஆனா டெல்டால பிரச்சனை ஆம்பியர் இல்லீங்க, வோல்டேஜும் எர்த்தும். ஒரு மல்டிமீட்டர் வாங்கி காரு நிக்கப் போற இடத்துல இருக்கற பிளக்ல சாயங்காலம் ஏழு மணிக்கு, ராத்திரி பதினொன்னுக்கு, விடியக்காலைல நாலுக்குன்னு ஒரு வாரம் பாருங்க. எங்க வீட்டுல ஏழு மணிக்கு 185, நாலு மணிக்கு 225. குறுவைக்கு மோட்டார் ஓடற மாசத்துல டிரான்ஸ்ஃபார்மர் கடைசி வீடா இருந்தா இன்னும் கீழ போகும், வோல்டேஜ் ரொம்ப குறைஞ்சா சார்ஜர் கட் ஆகி நிக்கும், காலைல எழுந்து பாத்தா அதே 20 சதவீதம். அதனால சார்ஜை ராத்திரி பன்னெண்டுக்கு மேல ஆரம்பிக்கற மாதிரி டைமர் வச்சுக்கங்க.

எர்த்து இன்னும் மோசம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல வச்சு பாருங்க, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வந்த அளவே கிட்டத்தட்ட வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது. எனக்கு 30 காட்டுச்சு. தோண்டி பாத்தா தாத்தா காலத்துல உப்பும் கரியும் போட்ட குழி, பைப்பு துருப்புடிச்சு பாதி இல்லவே இல்ல. சார்ஜர்ல செவப்பு லைட் எரிஞ்சு "வண்டில ஃபால்ட்"னு சர்வீஸ்காரனை திட்டறவங்கள்ல நெறைய பேருக்கு இந்த குழிதான் காரணம். புதுசா எர்த் போட்டு, காருக்குன்னு தனி லைன் இழுத்து, ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா ஒடனே கட் பண்ற சுவிட்ச்) மாட்டுங்க. சித்திரை வைகாசில குழி காஞ்சு போகும், வாரம் ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க.

பில்லு கணக்கும் பாத்துடுவோம். மாசம் 1000 கிலோமீட்டர்னா சுமாரா 150 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 300. வீட்டுக்கு ஏற்கனவே 350 ஓடுதுன்னா மொத்தம் 650, 500ஐ தாண்டுன ஒடனே ஸ்லாப் கணக்கே மாறிடும், அந்த அதிர்ச்சிக்கு தயாரா இருங்க. அப்படியும் யூனிட்டு பத்து ரூபான்னு வச்சா கூட கிலோமீட்டருக்கு ஒன்னரை ரூபாதான் ஆகுது, என் டீசல் லிட்டர் 90க்கு மேல வித்து 20 கிலோமீட்டர் மைலேஜ் குடுத்தாலும் நாலரை ரூபா.

டெஸ்ட் டிரைவ்ல ரெண்டு கிலோமீட்டர் ரவுண்டு அடிச்சுட்டு கையெழுத்து போடாதீங்க. வீட்டு ஆளுங்க அஞ்சு பேரையும் ஏத்திக்கிட்டு, ஏசி போட்டு, ரோடு ஒடைஞ்சு கெடக்கற பக்கம் போங்க, பேட்டரி வெயிட்டுல சில வண்டி வேகத்தடைல வயித்தை ஒரசும். ரீஜென் (வேகம் குறையறப்போ பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற வசதி) அதிகமா வச்சா காலை எடுத்த ஒடனே வண்டி இழுத்து புடிக்கும், பின் சீட்டுல அம்மாவுக்கு தலை சுத்தும், எங்க அம்மா ஒரத்தநாடு தாண்டறதுக்குள்ள "நிறுத்துடா"ன்னுட்டாங்க. கொறைச்சு வச்சதும் சரியாயிடுச்சு.

மழை புயலுக்கு வருவோம். 2018 நவம்பர் 16 கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறுனப்போ லட்சத்துக்கு மேல கரண்டு கம்பம் சாஞ்சுச்சு, சில ஊருக்கு வாரக்கணக்குல கரண்டு இல்ல. "அப்ப கரண்டு காரை வச்சு என்ன பண்ணுவ"ன்னு எல்லாரும் கேப்பாங்க, நியாயமான கேள்விதான், ஒரே காருதான் வீட்டுக்குன்னா கடற்கரை ஓரத்து ஆளுங்களுக்கு நான் ஹைப்ரிடுதான் சொல்வேன். ஆனா ரெண்டாவது வண்டியா வாங்கினா வி2எல் இருக்கறதா பாத்து வாங்குங்க, காருலேர்ந்து வயர் இழுத்து வீட்டு சாமானுக்கு நேரா கரண்டு எடுக்கலாம், புயல் அறிவிப்பு வந்த அன்னிக்கே 100க்கு ஏத்தி வச்சா ஃபேனு, லைட்டு, ஃப்ரிட்ஜுன்னு தெனம் அஞ்சு யூனிட் செலவு பண்ணாலும் ஒரு வாரம் தாங்கும். தண்ணியைப் பத்தி ஒன்னு: பேட்டரிக்குள்ள தண்ணி போகாதுன்னு சொல்ற ஐபி67ங்கறது ஒரு மீட்டர் தண்ணில அரை மணி நேரத்துக்கான சோதனை, அதுவும் நல்ல தண்ணி. உப்புத் தண்ணி வேற. 2022ல ஃப்ளோரிடாவுல இயன் புயலுக்கு அப்புறம் கடல் தண்ணில முங்குன கரண்டு காருங்க நாள் கழிச்சு தீப்புடிச்சுச்சு. நாகை பக்கம் கடல் உள்ள வந்து காரு முங்கிடுச்சுன்னா சார்ஜும் போடாதீங்க, ஸ்டார்ட்டும் பண்ணாதீங்க, வீட்டை விட்டு தள்ளி வெட்டவெளில நிறுத்திட்டு கம்பெனிக்கு போன் பண்ணுங்க.

கடைசியா வைக்கோலும் எலியும். அறுப்பு நேரத்துல நம்ம ரோட்டுல வைக்கோலும் உளுந்துச் செடியும் காயப் போட்டிருப்பாங்க, அது மேல ஏத்துனா ஆக்ஸில்ல சுத்திக்கும், பெட்ரோல் டீசல்னா சூடான சைலன்சர்ல பட்டு தீப்புடிக்கவும் வாய்ப்பு இருக்கு, ஹைப்ரிடுக்கும் சைலன்சர் இருக்குங்கறதை மறந்துடாதீங்க. எதுவா இருந்தாலும் எறங்கி அடில குனிஞ்சு பாத்து உருவி எடுத்துட்டு கெளம்புங்க. பல ஹைப்ரிட்ல பேட்டரிக்கு காத்து போக பின் சீட்டுகிட்ட ஒரு சல்லடை இருக்கும், நெல்லுத் தூசி அடைச்சா பேட்டரி சூடாகும், தை மாசி ரெண்டு மாசமும் வாரம் ஒரு தடவை தட்டி விடுங்க. வயல் அறுத்ததும் எலிக்கு வீடு கெடையாது, நேரா பானட்டுக்குள்ளதான் வரும். டீசல்ல ஒரு வயரை கடிச்சா அண்ணன் ஒட்டு போட்டு டேப் சுத்தி குடுத்துடுவாரு, அந்த ஆரஞ்சு வயரை கடிச்சா மொத்த செட்டையும் மாத்தணும், இன்சூரன்ஸ்ல எலி கடிச்சதுக்கு வருமான்னு கையெழுத்துக்கு முன்னாடி எழுத்துல வாங்கிக்கங்க.